துடைக்கும் முன் கழுவுங்கள்: வாட்ச் கேள்வி பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் 34 வருஷமாக வாட்ச் பழுதுபார்த்து வருகிறேன். போன இதழில் கண்ணாடி மாற்றுவதைப் பற்றி எழுதும்போது, "சில கண்ணாடிகளில் பளபளப்பைக் குறைக்கும் கோட்டிங் இருக்கும், அதைப் பார்த்துக் கையாள வேண்டும்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பாதிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை கோட்டிங் பற்றி மட்டும்.

எங்கள் 25ஆவது கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் சஃபையர் கண்ணாடி போட்ட வாட்ச் வாங்கிக் கொடுத்தார். கத்தியால் கீறினாலும் கோடு விழாது என்று கடையில் சொன்னார்கள். எட்டே மாதத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை மாதிரி கோடுகள் தெரிகின்றன. போலியைக் கொடுத்துவிட்டார்களா?
— பள்ளி ஆசிரியை, நெல்லிக்குப்பம்

போலி என்று மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் அம்மா. கடைக்காரர் சொன்னது சஃபையர் என்ற அந்தக் கெட்டியான செயற்கைக் கல்லுக்குப் பொருந்தும். அதன் மேல் பூசியிருப்பதற்குப் பொருந்தாது. அவர் அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, சஃபையர் 9. கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. எனவே மணல் சஃபையரை ஒன்றும் செய்யாது. ஆனால் சஃபையருக்கு ஒரு குறை உண்டு. ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பில் 100க்கு 4 பங்கு ஒளி திரும்பும் என்றால், சஃபையரில் கிட்டத்தட்ட 8 பங்கு திரும்பும். மேல் பக்கம், அடிப் பக்கம் இரண்டையும் சேர்த்தால் சுமார் 14 பங்கு. வெயிலில் மணி பார்க்கும்போது முள்ளுக்குப் பதில் உங்கள் முகமும் வானமும் தெரிவது இதனால்தான். இதைக் குறைக்கத்தான் அந்தக் கோட்டிங். சில வாட்சுகளில் அடிப் பக்கம் மட்டும் இருக்கும், சிலவற்றில் இரண்டு பக்கமும் இருக்கும். உங்களுடையதில் மேலேயும் இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

மேலே தோல் மாதிரி இருக்கும் அந்தக் கோட்டிங் மணலை விட மிருதுவானது. கோடு விழுந்திருப்பது அதில்தான். நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள், இடறாது. டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால், நீலச் சாயலுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரியும். அந்த இடத்தில் தோல் போய் வெறும் சஃபையர் பளிச்சென்று தெரிகிறது. நேராக வைத்து மணி பார்க்கும்போது அது கண்ணில் படவே படாது.

எதனால் விழுந்தது என்று கேட்பீர்கள். சாக்பீஸ் தூளைக் குற்றம் சொல்ல முடியாது, அது ரொம்ப மிருதுவானது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருகையில் ரோட்டு மண் கண்ணாடியில் படியும். இறங்கியதும் முந்தானையால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பீர்கள். அந்தத் தேய்ப்பில் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய ஒரு மணல் துகள் போதும். கோடு போட்டது துகள், துணி அதைப் பிடித்து இழுத்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "மெத்தென்ற துணியால்தானே துடைத்தேன்" என்கிறார்கள். துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் நடுவில் மாட்டிய துகள் மெத்தென்று ஆகிவிடாது.

தினமும் விடியற்காலையில் புதுச்சேரி பீச் ரோட்டில் ஓடுவேன். வியர்த்தால் பனியனால் வாட்சைத் துடைத்துக்கொள்வேன். இப்போது கண்ணாடியில் மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. கோட்டிங் உரிகிறதா?
— கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை

உரியவில்லை தம்பி. அது உங்கள் தோலின் எண்ணெய். இதே பயத்தோடு என் கடைப் படி ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தண்ணீரிலேயே சரியாகிவிடுகிறது.

கோட்டிங் இல்லாத கண்ணாடியில் விரல் பட்டால் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். கோட்டிங் இருந்தால் அதன் தடிமன்தான் எல்லாக் கணக்கும். மேலே ஒரு எண்ணெய்ப் படலம் ஏறியதும் கணக்குக் கலைந்து, அந்த இடம் மட்டும் வேறு நிறம் காட்டும். ஆகவே கோட்டிங் போட்ட வாட்ச் அடிக்கடி அழுக்காகத் தெரியும். வாங்கும்போதே இதற்கு மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

கழுவும் முறையைச் சொல்கிறேன். முதலில் பின்மூடியைப் பாருங்கள். 50 மீட்டர், 100 மீட்டர் என்று இருந்தால் தைரியமாகக் குழாயில் காட்டலாம். 30 மீட்டர் என்றோ ஒன்றும் எழுதாமலோ இருந்தால் தண்ணீருக்குள் விடாதீர்கள். ஈரத் துணியால் ஒற்றியெடுப்பதோடு நிறுத்துங்கள். வாட்சின் பக்கவாட்டில் நேரம் மாற்றத் திருகும் சாவி முழுக்க உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மறந்து தண்ணீர் புகுந்த வாட்சுகள் எனக்கு வருஷா வருஷம் வருகின்றன. பிறகு, எதையும் தொடாமல் ஊதிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் ஊதுபந்து நல்லது. அதற்குப் பிறகு மெல்லிய குழாய்த் தண்ணீர். ஒரு சொட்டு ஷாம்பு அல்லது பாத்திரம் கழுவும் திரவத்தை விரல் நுனியில் எடுத்து நுரைத்து, அழுத்தாமல் தடவி, நன்றாக அலசுங்கள். கடைசியில்தான் துணி. கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடியோடு கொடுப்பார்களே, அந்தத் துணி போதும். முதலில் ஒற்றுங்கள், அப்புறம் லேசாகத் துடையுங்கள். அந்தத் துணியையும் பத்து நாளைக்கு ஒரு தடவை சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். பேன்ட் பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு கிடக்கும் துணி உப்புத்தாளுக்குச் சமம்.

பீச் ரோட்டில் ஓடும்வரை பரவாயில்லை, அங்கே பெரும்பாலும் கருங்கல்தான். சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்துக்கோ எங்கள் ஊர் வெள்ளிக் கடற்கரைக்கோ போகும் நாளில் வாட்சைக் கழற்றி வைத்துவிடுங்கள். மணலில் விளையாடிய கையோடு பனியனால் துடைத்தால் ஒரே நாளில் ஒரு வருஷத்துத் தேய்மானம் வந்துவிடும்.

இந்தக் கோட்டிங் ஏன் நீலமாகத் தெரிகிறது? நீலச் சாயம் பூசுகிறார்களா?
— பத்தாம் வகுப்பு மாணவி, கடலூர் மஞ்சக்குப்பம்

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம் பாப்பா. சாயம் எதுவும் இல்லை. பூசுகிற பொருளுக்கு நிறமே கிடையாது.

முகத்துவாரத்தில் நின்று அலையைப் பார்த்திருப்பாய். ஓர் அலையின் மேடும் இன்னொரு அலையின் பள்ளமும் ஒரே இடத்தில் சந்தித்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஒரு கணம் சமமாக நிற்கும். ஒளியும் அலைதான். கண்ணாடி மேல் மெல்லிய படலம் இருந்தால், படலத்தின் மேல் பரப்பிலிருந்து ஓர் அலையும் அடிப் பரப்பிலிருந்து இன்னோர் அலையும் திரும்பும். படலத்தின் தடிமனை ஒளி அலைநீளத்தில் கால் பங்காக அமைத்துவிட்டால், ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வெகு காலமாகப் பயன்படும் மெக்னீசியம் புளோரைடு என்ற பொருளில் இந்தத் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். உன் தலைமுடி ஒன்றின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு. நல்ல வாட்சுகளில் வெவ்வேறு பொருள்களை அடுக்கடுக்காகப் பூசுவார்கள்.

நம் கண்ணுக்குப் பச்சை ஒளி அதிகம் எடுபடும். எனவே பச்சையைச் சுற்றித்தான் கணக்குப் போடுவார்கள். பச்சை அழிந்துவிட, இரண்டு ஓரத்தில் இருக்கும் நீலமும் சிவப்பும் கொஞ்சம் தப்பித்துத் திரும்பி வரும். அதுதான் நீ பார்க்கும் நீலமும் ஊதாவும்.

இன்னொன்றும் கேள். 1886இல் இங்கிலாந்தில் ரேலி பிரபு என்ற விஞ்ஞானி, நாள்பட்டு மங்கிப்போன கண்ணாடி புதுக் கண்ணாடியை விட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். காற்றுப்பட்டு மேலே தானாக உண்டான படலம் செய்த வேலை அது. அதை வேண்டுமென்றே செய்யும் வழியை ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் கண்டுபிடித்தார். வெற்றிடப் பெட்டிக்குள் பொருளைச் சூடாக்கி ஆவியாக்கி லென்ஸ் மேல் படிய வைத்தார். கேமராவுக்கும் தூரநோக்கிக்கும் வந்தது பிற்பாடு வாட்சுக்கும் வந்தது.

கையில் அடிக்கடி சானிடைசர் போடும் வேலை. கோட்டிங் கெடுமா?
— செவிலியர், கோரிமேடு

ஆல்கஹாலால் கெடாது அம்மா. சானிடைசரில் கலந்திருக்கும் கிளிசரின்தான் பிசுபிசுப்பாகப் படிந்து திட்டாகத் தெரியும், கழுவினால் போய்விடும். தோல் ஸ்ட்ராப்புக்குத்தான் ஆல்கஹால் ஆகாது. பிளீச்சிங் திரவத்தையும், ஜன்னல் துடைக்கும் அமோனியா கலந்த ஸ்பிரேயையும் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மேல் கோட்டிங்கில் ஏகப்பட்ட கோடு. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போகும் என்று சமூக வலைத்தளத்தில் வீடியோ போடுகிறார்கள். நானே செய்யலாமா?
— மெக்கானிக், வில்லியனூர்

செய்ய வேண்டாம். ஏன் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். முதுநகரைச் சேர்ந்த கப்பல் என்ஜினியர் ஒருவர், விடுமுறையில் வந்தவர், சஃபையர் வாட்சைக் கொடுத்தார். கண்ணாடி நடுவில் நாலைந்து கோடு. அதுவரை நான் ஆயிரக்கணக்கில் எச்.எம்.டி. கண்ணாடிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவன். அவை அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக், பற்பசை போட்டுத் தேய்த்தாலே மின்னும். சஃபையருக்கு வைரப் பேஸ்ட் வேண்டும் என்று தெரியும், கையில் இருந்தது. கோடு இருந்த இடத்தில் மட்டும் ஐந்து நிமிஷம் தேய்த்தேன். கழுவி, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நடுவில் வெள்ளையாக ஒரு தீவு, சுற்றிலும் நீலக் கரை. நான் எடுத்தது கோட்டை அல்ல, கோட்டிங்கை.

அவர் வந்ததும் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். என் செலவில் அதே கம்பெனிக் கண்ணாடியை வரவழைத்துப் போட்டுக் கொடுத்தேன், இரண்டு மாதம் ஆனது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கண்ணாடியைத் தொடும் முன்னும் டியூப் லைட்டைக் காட்டி என்ன நிறம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன். கடையில் வேலை கற்கும் பையனுக்கும் முதல் பாடம் அதுதான்.

இப்போது உங்கள் வாட்சுக்கு வருகிறேன். கோட்டிங்கில் விழுந்த கோட்டை மட்டும் தனியாக எடுக்க வழியே இல்லை. நிரப்பவும் முடியாது. இருக்கும் வழிகள் மூன்று: அப்படியே விடுவது, மேல் கோட்டிங்கை ஓரம் வரை ஒரே சீராக மொத்தமாக எடுத்துவிடுவது, கண்ணாடியை மாற்றுவது. கோடு ஏகப்பட்டது என்று எழுதியிருப்பதால் நான் இரண்டாவதைச் சொல்வேன். அனுபவம் உள்ளவரிடம் கொடுத்தால் கேஸுக்கு (வாட்சின் வெளிக் கூட்டுக்கு) டேப் ஒட்டி மறைத்து, நைசான வைரப் பேஸ்டால் நிதானமாக எடுத்துவிடுவார். அடியில் இருக்கும் கோட்டிங் அப்படியே இருக்கும். மேல் பரப்பில் மட்டும் அந்த 8 பங்கு ஒளி திரும்பும். கோட்டிங்கே இல்லாத சாதாரணக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் சேர்ந்து திருப்பி அனுப்பும் அளவுதான் அது. நாம் பல வருஷம் அப்படிப்பட்ட வாட்சில்தான் மணி பார்த்தோம். அதற்குப் பிறகு மேலே இருப்பது வெறும் சஃபையர், மணலுக்கு அஞ்ச வேண்டாம்.

பாட்டிலில் திரவம் வைத்துக்கொண்டு "கோட்டிங் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். அது தண்ணீர் ஒட்டாமல் செய்யும் பாலிஷ். உண்மையான கோட்டிங்குக்கு வெற்றிடப் பெட்டி வேண்டும்.

என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கட்டியிருந்த லிப் வாட்ச் என்னிடம் இருக்கிறது. கண்ணாடி மங்கலாகிவிட்டது. கோட்டிங் போட்ட கண்ணாடியாக மாற்றலாமா?
— இல்லத்தரசி, புதுச்சேரி குருசுக்குப்பம்

மாற்றாதீர்கள் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். லிப் 1867இல் பிரான்சின் பெசான்சோன் நகரில் தொடங்கிய கம்பெனி. சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம் ஊர்க்காரர்கள், வீட்டுப் பெட்டிகளிலிருந்து அந்த வாட்சுகள் இன்னும் என்னிடம் வருகின்றன. நான் பார்த்த பழைய லிப்புகளில் அநேகமாக எல்லாமே குமிழ் மாதிரி உப்பிய அக்ரிலிக் கண்ணாடிதான். அதில் ஒளி குறைவாகத்தான் திரும்பும், கோட்டிங்குக்கு அவசியமே இல்லை. அந்த உப்பல் இல்லாமல் தட்டைக் கண்ணாடி போட்டால் அப்பாவின் வாட்ச் மாதிரியே இருக்காது.

இங்கே மட்டும் பற்பசை நல்ல மருந்து. வெள்ளைப் பற்பசை, ஜெல் வேண்டாம். ஈரப் பஞ்சில் துளி எடுத்து வட்டமாக ஐந்து நிமிஷம் தேய்த்து, ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள். பழைய வாட்ச், குழாயில் காட்டக் கூடாது. ஆழமான வெடிப்பு இருந்தால் மட்டும் அதே அளவில் புது அக்ரிலிக் போட்டுக்கொள்ளலாம். கையில் தடவும் கொசு விரட்டித் தைலத்தில் டீட் என்ற பொருள் இருந்தால் அது அக்ரிலிக்கை மங்கவைத்துவிடும். சாயங்காலம் அதைப் பூசிக்கொண்டு இந்த வாட்சைக் கட்டாதீர்கள்.

காரில் வைத்த மூக்குக் கண்ணாடியின் கோட்டிங் வெயிலில் சிலந்தி வலை மாதிரி வெடித்துவிட்டது. வாட்சும் அப்படி ஆகுமா?
— முந்திரி வியாபாரி, பண்ருட்டி

மூக்குக் கண்ணாடி லென்ஸ் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். சூட்டில் பிளாஸ்டிக் நிறைய விரியும், மேலே இருக்கும் கோட்டிங் அவ்வளவு விரியாது. இழுபட்டு வெடிக்கிறது. சஃபையரும் கண்ணாடியும் அந்த அளவு விரிவதில்லை, எனவே வாட்சில் அந்த வெடிப்பை எதிர்பார்க்க வேண்டாம். அதற்காக டாஷ்போர்டில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயும் பேட்டரியும் ரப்பர் வளையமும் கெடும்.

மழை நாளில் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளையாகப் படர்கிறது, கொஞ்ச நேரத்தில் மறைகிறது. உள் கோட்டிங் போய்விட்டது என்று ஒரு கடையில் சொன்னார்கள்.
— மீன் வியாபாரி, கடலூர் முதுநகர்

அது நீராவி ஐயா. கோட்டிங் வந்து வந்து மறையாது. ரப்பர் வளையம் தளர்ந்து ஈரக்காற்று உள்ளே போயிருக்கிறது. உப்புக் காற்றில் வேலை செய்கிறீர்கள், முள்ளும் சக்கரமும் துருப்பிடிக்கும் முன் இந்த வாரமே திறந்து உலர்த்தி வளையத்தை மாற்றுங்கள். ஐஸ் பெட்டியில் கைவிட்டு எடுத்த பிறகு வாட்சை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், ஆனால் அதெல்லாம் வளையம் மாற்றிய பிறகுதான்.

மொபைலுக்கு ஒட்டுவது போல வாட்சுக்கும் ஸ்கிரீன் கார்டு ஒட்டினால் கோட்டிங் பத்திரமாக இருக்குமே?
— நெய்வேலி வாசகர்

பத்திரமாக இருக்கும், பயன்படாது. கார்டின் மேல் பரப்பே ஒளியைத் திருப்பி அனுப்பும்.

புதிதாக வாங்கப் போகிறேன். ஒரு பக்கக் கோட்டிங்கா, இரண்டு பக்கமா?
— வங்கி ஊழியர், புதுச்சேரி லாஸ்பேட்டை

இரண்டு பக்கமும் இருந்தால் கண்ணாடியே இல்லாதது போல டயல் தெரியும். அந்த அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை, சட்டைக் கைக்குள்ளேயே வாட்ச், விசேஷத்துக்கு மட்டும் கட்டுவேன் என்றால் அதையே வாங்குங்கள். தினமும் கட்டி, பைக்கில் போய், கடற்கரையில் பிள்ளைகளோடு உட்காருகிறவர் என்றால் அடிப் பக்கம் மட்டும் கோட்டிங் உள்ளதை வாங்குங்கள். நம் கடலோரத்துக்கு அதுதான் என் தேர்வு. என் கையில் இருப்பதும் அதுதான்.

கடையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் டியூப் லைட்டுக்குக் கீழே வாட்சைச் சாய்த்துப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளை விளக்கு ஒன்றும் அதை ஒட்டி மங்கலான நீல விளக்கு ஒன்றும் தெரிந்தால் அடிப் பக்கம் மட்டும். வெள்ளையே இல்லாமல் நீலமோ ஊதாவோ மட்டும் தெரிந்தால் இரண்டு பக்கமும். நீலமே தெரியாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள். பார்க்கும் முன் கண்ணாடியைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், முன்னால் வந்தவரின் விரல் எண்ணெய் நிறத்தை மாற்றிக் காட்டும்.